பலாக்கட்டையில் குழல் கடைந்தேன்: மேல் ஸ்தாயி இறங்குகிறது, வாய்த்துளைப் பக்கம் விரிசல்

பலாத்தோப்பு | ஜனவரி 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டபோது தென்னையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய பலாவும் வேரோடு சாய்ந்தது. அப்பத்தா கல்யாணமாகி வந்த காலத்திலேயே காய்த்துக்கொண்டிருந்த மரம். வியாபாரிகள் வந்தார்கள், அப்பா அடிமரத்தைக் கொடுத்துவிட்டார். வரப்புக்கு மேலே சாய்வாக நீண்டிருந்த ஒரு கிளையை மட்டும் நான் கேட்டு வாங்கி, மூன்று துண்டாக அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவைத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

அதற்கப்புறம்தான் குழல் கற்க ஆரம்பித்தேன். மூங்கிலில் ஏழெட்டுக் குழல் நானே செய்திருக்கிறேன். போன ஐப்பசியில் பரணில் இருந்த கட்டை ஞாபகம் வந்தது. கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி, நடுவில் துளை போட்டு வாங்கிவந்தேன். வாய்த்துளையும் விரல் துளைகளும் நான் போட்டது. உப்புத்தாள் போடப் போட மஞ்சள் பொடி கையெல்லாம் அப்பிக்கொண்டது. முகர்ந்தால் பலாச்சுளை வாசனை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, லேசான இனிப்பு மட்டும் இருந்தது.

சுருதி ஐந்து கட்டை. உள்துளை 15 மில்லிமீட்டர், சுவர் 7 மில்லிமீட்டர். அந்த மரம் நின்ற குழியின் ஓரத்தில் உட்கார்ந்துதான் முதல் ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, ஊதினேன். மூங்கிலைவிடக் கனமான, கொஞ்சம் இருண்ட நாதம். வேலியில் இருந்த செம்போத்து ‘ஊப் ஊப்’ என்று கூவுவதை நிறுத்திவிட்டு, நான் நிறுத்திய பிறகு மறுபடி ஆரம்பித்தது. அன்று முதல் காலையில் அங்கேதான் வாசிக்கிறேன்.

இப்போது இரண்டு பிரச்சினை. கீழ் ஸ்தாயி சுருதிப்பெட்டியோடு சேர்கிறது, மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது. மூன்று வாரத்தில் வாய்த்துளையிலிருந்து முடி போல ஒரு விரிசல், ஒன்றரை அங்குலத்துக்கு ஓடியிருக்கிறது. மேஜையில் உருட்டினால் குழலே லேசாக வளைந்திருப்பதும் தெரிகிறது. என்ன தப்பு செய்தேன்? நம் பக்கத்தில் மரத்தில் குழல் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஐந்துகட்டை | ஜனவரி 6, இரவு 10.15

தம்பி, உங்கள் மரத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் எதற்கு இவ்வளவு பாடு? மூங்கில் உள்ளே தானாகவே வெற்றிடமாக வளர்கிற செடி. சரப சாஸ்திரி கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது மூங்கில் குழல். மாலி வாசித்ததும் அதுதான். எடை குறைவு, விரிசல் விட்டால் நூல் சுற்றி வாசிக்கலாம், உடைந்தால் இன்னொன்று. முப்பது வருஷமாக வாசிக்கிறேன், மரக்குழல் வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அலைநீளம் | ஜனவரி 6, இரவு 11.02

முதல் பிரச்சினைக்கு ஒரு கேள்வி. வாய்த்துளையின் நடுவிலிருந்து இடது பக்க அடைப்பு எவ்வளவு தூரம்?

பலாத்தோப்பு | ஜனவரி 7, காலை 6.20

28 மில்லிமீட்டர். கார்க் வைத்திருக்கிறேன்.

அலைநீளம் | ஜனவரி 7, காலை 8.45

அதுதான். வாய்த்துளைக்கும் அடைப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன அறை, மேல் ஸ்தாயியைக் கீழ் ஸ்தாயியோடு கட்டிவைக்கிற இடம். அது பெரிதாக இருந்தால் கீழே அவ்வளவாகத் தெரியாது, மேலே போகப் போக சுருதி இறங்கும். அடைப்பு ஏறக்குறைய உள்துளையின் விட்டம் அளவுக்குத் தள்ளி இருந்தால் போதும். மேற்கத்தியக் குழலில் துளை 19 மில்லிமீட்டர், கார்க் 17 மில்லிமீட்டரில் நிற்கும். நீங்கள் 16, 17 வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

இன்னொன்று. அதிகாலையில் சோதித்தீர்களா, மதியமா? காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் குழலின் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். மார்கழிக் காலையில் தோப்பில் அளந்ததையும் மத்தியானம் வீட்டுக்குள் அளந்ததையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நாதம் கனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பலாவால் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், உள்ளளவு ஒரே மாதிரி இருக்கும்படி வெள்ளியில் ஒன்று, செம்பில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று குழல் செய்து, வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார். கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. குழலில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. சுவர் அதற்கு வேலி மட்டும்தான். உங்கள் சுவர் 7 மில்லிமீட்டர், மூங்கிலில் 3 அல்லது 4 இருக்கும். ஒவ்வொரு விரல் துளையும் ஒரு சின்னப் புகைபோக்கியாகி நிற்கிறது. நீங்கள் கேட்கிற ‘இருண்ட நாதம்’ பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது.

பலாத்தோப்பு | ஜனவரி 7, இரவு 8.30

அலைநீளம் சார், 17க்குத் தள்ளினேன். மேல் ஸட்ஜம் வந்து உட்கார்ந்துவிட்டது! ஒரு மாசமாக உதட்டைப் பிதுக்கிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 8, மாலை 4.10

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. குழல் வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். மரத்தில் எதற்கு என்று ஐந்துகட்டை ஐயா கேட்டதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலோன் அமைதி, அதாவது குழல் வாசிப்பவனின் இலக்கணம், வரும் இடத்தில் அடியார்க்குநல்லார் உரையைப் பாருங்கள். குழல் செய்ய ஐந்து பொருள் சொல்கிறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. மூங்கிலில் செய்வதுதான் உத்தமம் என்று முதலில் அவரும் ஐயா பக்கம்தான் நிற்கிறார். அடுத்த வரியில் காரணங்கள் வருகின்றன: மூங்கில் பொழுது செய்யும், வெண்கலம் வலிது, மரம் எப்பொழுதும் ஒத்து நிற்கும். பொழுது செய்யும் என்றால் காலத்துக்குத் தக்கபடி மாறும் என்று பொருள் கொள்ளலாம். அப்புறம், தம் காலத்தில் கருங்காலி, செங்காலி, சந்தனம் இவற்றால்தான் செய்கிறார்கள், அதிலும் கருங்காலி வேண்டும் என்பது பெருவழக்கு என்கிறார். ஆக, இந்தத் தம்பி புதிதாக ஒன்றும் தொடங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் சொல்கிறார். உயர்ந்த, ஒத்த நிலத்தில் வளர்ந்திருக்க வேண்டும். நாலு காற்று மயங்கும் இடத்தில் வளர்ந்த மரத்தில் நாதம் இல்லை. இளமரமும் ஆகாது, மிக முதிர்ந்ததும் ஆகாது. ஒரு மனித ஆயுள் அளவு நின்ற மரம். அதை வெட்டி, நிழலிலே ஆறவிட்டு, திருகுதல், பிளத்தல் இல்லை என்று தெரிந்துகொண்டு, ஓர் ஆண்டு போன பிறகுதான் வங்கியம் செய்ய வேண்டும். வங்கியம் என்றால் குழல்.

தம்பி, உங்கள் குழல் திருகியும் இருக்கிறது, பிளந்தும் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லையும் படித்தபோது உங்கள் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

அலைநீளம் | ஜனவரி 8, மாலை 6.55

அம்மா, இதை நான் படித்ததில்லை. நன்றி. நாலு காற்று மயங்கினால் நாதமில்லை என்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் நம்பிக்கை என்று விட்டுவிட்டிருப்பேன். ஆனால் திருகுதல், பிளத்தல் என்று பக்கத்திலேயே வருகிறதே.

காற்று ஓயாமல் தள்ளுகிற மரமும், சாய்ந்து வளர்கிற கிளையும் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்ள ஒரு பக்கமாகத் தனி நார் வளர்த்துக்கொள்ளும். பலா மாதிரி அகன்ற இலை மரங்களில் அது சாய்வின் மேல்பக்கம் உருவாகும். சாதாரண மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். இந்த இழுவிசை நார் நீளவாக்கிலும் சுருங்கும். ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காவிட்டால் குழல் வில்லாக வளையத்தானே செய்யும்?

பலாத்தோப்பு, உங்கள் கிளை வரப்புக்கு மேலே சாய்வாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

பலாத்தோப்பு | ஜனவரி 8, இரவு 9.05

ஆமாம் சார். சின்ன வயதில் அதில்தான் ஊஞ்சல் கட்டுவோம். படுக்கையாகவே நீண்டிருக்கும்.

உப்புத்தாள் போடும்போது ஒரு பக்கம் வழவழப்பாக வந்தது, மறுபக்கம் பஞ்சு மாதிரி நார் எழும்பிக்கொண்டே இருந்தது. தாள் சரியில்லை என்று நினைத்து மூன்று கடை மாறினேன்.

அலைநீளம் | ஜனவரி 8, இரவு 9.20

அந்தப் பஞ்சுதான் அடையாளம்.

கடைசல் | ஜனவரி 9, காலை 11.30

வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம் கடைகிறது, கும்பகோணத்துக்குக் கிழக்கே. எழுதிப் பழக்கமில்லை, மகள் தட்டச்சு செய்கிறாள்.

நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். அதிலும் புது மரத்தைத் தொடமாட்டோம். பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால் போய் உத்திரம், தூண், நிலைக்கால் வாங்கி வருவோம். ஐம்பது அறுபது வருஷம் கூரைக்குக் கீழே நின்ற மரம் இனிமேல் எங்கே திருகப்போகிறது? முறுக்கிக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்த வீட்டிலேயே முறுக்கி முடித்திருக்கும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அந்த வாத்தியத்தின் உயிரே இந்தப் பழைய மரம்தான் என்பேன்.

தம்பி செய்ததில் நான் பார்க்கிற தப்பு மூன்று. ஒன்று, கிளைக்கட்டை. அலைநீளம் சார் சொல்லிவிட்டார். இரண்டு, கட்டையை முழு உருட்டாகவே பரணில் வைத்தது. உருட்டாகக் காய்ந்தால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். நாலாகப் பிளந்து, இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி வைத்திருக்க வேண்டும். மரம் முனை வழியாகத்தான் வேகமாக ஈரத்தை விடும், அங்கேதான் முதலில் வெடிக்கும். மூன்று, கிளையின் நடுவிலேயே துளை போட்டது. நெட்டி, அதாவது நடுத்தண்டின் மென்மையான பகுதி, ஓடுகிற இடத்தைச் சுற்றிக் குழல் அமைந்தால் எல்லாப் பக்கமும் வளையம் வளையமாக இழுக்கும். நடுவை விட்டுத் தள்ளி, வெளிப்பக்கத்து வெளிறும் படாமல், உள்ளே முற்றிய வைரத்தில் மட்டும் எடுக்க வேண்டும். ரேகை நேராக முனைக்கு முனை ஓட வேண்டும்.

டீச்சரம்மா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எண்பத்து மூன்று வயது. அந்த உரையில் சுவர் கனம் எவ்வளவு என்று இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 9, பிற்பகல் 2.15

இருக்கிறது! ஐயாவிடம் சொல்லுங்கள். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். நெல்லரிசியில் ஒரு பாதி அளவு மரத்தை நிறுத்திக் கடைய வேண்டும். பிறகு வெண்கலத்தாலே அணைசு, அதாவது பூண், பண்ணி இடமுகத்தை அடைத்து, வலமுகத்தை வெளியாக விட வேண்டும்.

துளைக் கணக்கும் உண்டு. தூம்பு முகத்தில் இரண்டு விரல் நீக்கி முதல்வாய், அதாவது ஊதுகிற துளை. அதற்கு ஏழு விரல் விட்டு, மறுமுனையிலும் இரண்டு நீக்கினால் நடுவில் நிற்பது ஒன்பது விரல். அதில் எட்டுத் துளை. எட்டில் ஒன்றை முத்திரை என்று ஒதுக்கிவிட்டு மீதி ஏழில் ஏழு விரல் வைத்து ஊத வேண்டும்.

ஐந்துகட்டை | ஜனவரி 9, மாலை 5.40

அம்மா, என் குழலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எட்டு விரல் துளை. கடைசித் துளையில் நான் விரல் வைப்பதில்லை. என் குருநாதர் அதை அப்படியே விடச் சொன்னார், காரணம் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

தம்பி, எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்த குழலைச் செய்யுங்கள். சுருதி சேர்க்கும்போது துணை வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

கடைசல் | ஜனவரி 9, இரவு 7.50

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிசி ஒன்றை உடைத்து அளந்தே பார்த்துவிட்டார். நீளத்தில் பாதி என்று எடுத்தால் 3 மில்லிமீட்டர் சொச்சம். மூங்கில் சுவர் கனமேதான். தம்பியின் சுவர் அதற்கு இரண்டு மடங்கு.

‘அணைசு’ என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். நாகஸ்வரத்தின் கீழ்வாயை நாங்கள் அணசு என்றுதான் சொல்கிறோம். வெண்கலத்தில் பூண் போட்டு அடைத்தது வெறும் அழகுக்காக இருக்காது. மரத்தின் முனை வெடிக்காமல் பிடித்துக்கொள்ளவும்தான்.

வயல்நண்டு | ஜனவரி 10, காலை 7.05

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கருங்காலி பெருவழக்கு என்று படித்ததும் ஆசை வந்துவிட்டது. கட்டை எங்கே வாங்குவது?

கடைசல் | ஜனவரி 10, பகல் 12.20

முதலில் எந்தக் கருங்காலி என்று கேட்க வேண்டும். சித்த வைத்தியத்தில் கருங்காலி என்பது காசுக்கட்டி எடுக்கிற முள்மரம், அதன் வைரம் சிவப்புப் பழுப்பாக இருக்கும். தச்சர்கள் கருங்காலி என்று சொல்வது பெரும்பாலும் கன்னங்கரேல் என்று வைரம் பாய்கிற இன்னொரு மரம், தண்ணீரில் போட்டால் அப்படியே அமிழும். இரண்டும் ஒன்றல்ல. இப்போது மாலைக்காரர்கள் சாயம் ஏற்றிய கட்டையையும் அதே பெயரில் விற்கிறார்கள். சாயம் ஏற்றியதை வாயில் வைக்க வேண்டாம். சந்தனம் உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டக்கூடாது. வேம்பு, பலா, பூவரசு என்று வீட்டைச் சுற்றி நிற்பதில் ஆரம்பியுங்கள்.

அரளிக் குச்சி, எட்டிக் கட்டை பக்கம் போகாதீர்கள். விஷம். துளை நேராக இருக்கிறதே என்று ஒரு பையன் அரளியில் செய்து கொண்டுவந்தான், பிடுங்கி அடுப்பில்கூட போடாமல் புதைத்தோம். எந்த மரமானாலும் இழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சகுவாரோ | ஜனவரி 11, காலை 10.30

அரிசோனாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து பதினோரு வருஷம். இழையைப் படித்துக்கொண்டே வந்தவளுக்கு இங்குள்ள பூர்வகுடிகளின் மரக்குழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஆர். கார்லோஸ் நகாய் என்று ஒருவர். 1946இல் இங்கே ஃபிளாக்ஸ்டாஃபில் பிறந்தவர், நவஹோ, யூட் வம்சம். முதலில் மேற்கத்திய முறையில் ட்ரம்பெட் படித்தவர். 1989இல் வந்த அவருடைய ‘கேன்யன் ட்ரிலஜி’ இசைத்தட்டில் பெரும்பாலும் தனி மரக்குழல் மட்டும்தான். ஊதிவிட்டு அந்த ஒலி அடங்கும்வரை காத்திருப்பார். செம்பாறைப் பள்ளத்தாக்குகளின் விளிம்பில் நின்று கூப்பிட்டால் குரல் எப்படித் திரும்பி வருமோ அந்த இடைவெளி அவர் வாசிப்பில் இருக்கும். அவரைக் கேட்ட பிறகுதான் இந்தக் குழலைத் தேடிப் போனேன்.

இது நம் குழல் மாதிரி பக்கவாட்டில் ஊதுவதில்லை. நேராகப் பிடிக்க வேண்டும். உள்ளே இரண்டு அறை. ஊதுகிற மூச்சு முதல் அறையில் நிரம்பி, நடுவில் விட்டிருக்கும் மரத் தடுப்பில் முட்டி, மேலே ஒரு துளை வழியாக வெளியே வந்து, தட்டையான வாய்க்கால் ஒன்றில் ஓடி, இரண்டாவது அறையின் விளிம்பில் மோதிப் பிளக்கும். அங்கேதான் ஒலி பிறக்கிறது. அந்த வாய்க்காலை மூடி, மேலே தோல் கயிற்றால் ஒரு மரத்துண்டைக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயரே ‘பறவை’. பல குழல்களில் அதைப் பறவை வடிவத்திலேயே செதுக்கியிருப்பார்கள். பறவையை இம்மி நகர்த்தினாலும் குரல் மாறிவிடும்.

உங்களுக்குப் பயன்படுகிற விஷயம் இதுதான் தம்பி: நீளத் துளைக்கருவி இல்லாமலே இந்தக் குழலைச் செய்யலாம். மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் அரைவட்டமாகக் குடைந்து, மறுபடி ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் சீடர் மரம். பழைய வழக்கத்தில் துளைகளுக்கு அளவுகோல் கிடையாது, செய்பவரின் விரல் அகலமும் கையின் நீளமும்தான் கணக்கு. ஒரு பட்டறை வகுப்பில் நானும் ஒன்று செய்தேன். குடைந்த பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்க்கும்போது மேடு எங்கே பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும். முழுக்கட்டையில் துளை போட்டால் அது முடியாது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பூர்வகுடியினர் செய்யாததைப் பூர்வகுடிக் கைவேலை என்று இங்கே விற்றால் குற்றம், 1990 முதல் சட்டம் இருக்கிறது. அதனால் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லகோட்டா மக்களிடம் ஒரு கதை உண்டு. ஒரு இளைஞன் காட்டில் வழிதவறிப் படுத்திருக்கிறான். காற்றில் புதுவிதமான ஒலி கேட்கிறது. மரங்கொத்தி ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சீடர் கிளையைக் காட்டுகிறது. கிளையின் உள்ளே வெற்றிடம், அதில் மரங்கொத்தி கொத்திய துளைகள், அவற்றில் காற்று. அப்படித்தான் முதல் குழல் கிடைத்ததாம்.

ஏட்டுச்சுவடி | ஜனவரி 11, மாலை 3.30

சகுவாரோ, உடம்பு சிலிர்க்கிறது அம்மா. அகநானூற்றில் கபிலர் இதையே பாடியிருக்கிறார், 82ஆம் பாட்டு. அசைகிற மூங்கிலில் துளை. உரைகாரர்கள் வண்டு துளைத்தது என்பார்கள். அதில் கோடைக்காற்று புகுந்து குழலிசையாகிறது. அருவி முழவாகிறது, மான்கூட்டத்தின் குரல் தூம்பு என்ற ஊதுகருவியாகிறது, வண்டு யாழாகிறது. மயில் ஆடுகிறது, மந்திகள் வியந்து பார்க்கின்றன. அங்கே மரங்கொத்தி, இங்கே வண்டு.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கோவலன், அதாவது மாடு மேய்க்கும் இடையன், வருகிறான். தீக்கடை கோலில் தீ உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் சுட்டுத் துளை போட்ட குழலில் பாலைப்பண் வாசிக்கிறான். கருந்துளைக் குழல் என்றே அதற்குப் பெயர். சுட்டதால் துளை கருத்திருக்கிறது.

பலாத்தோப்பு | ஜனவரி 11, இரவு 10.10

அம்மா, மூங்கிலில் நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் துளை போடுவேன். ட்ரில் வைத்தால் மூங்கில் நார் பிசிறும், கம்பி வைத்தால் சுற்றிலும் கருகி இறுகிவிடும். விரலை வைக்கும்போது அந்த விளிம்பு வழவழவென்று இருக்கும்.

கடைசல் அண்ணே, பழைய வீட்டு மரம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. கஜாவில் அப்பத்தா இருந்த ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் விழுந்தது. நிலைக்கால் ஒன்று இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது. அதுவும் பலாதான் என்கிறார் அப்பா. தாத்தாவுடைய அப்பா காலத்து வீடு. மேலே சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இன்று அரத்தால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், உள்ளே தேன் நிறம். ரேகை நேராக ஓடுகிறது. இது ஆகுமா?

கடைசல் | ஜனவரி 12, காலை 9.15

அந்தப் பலாவை ஏன் தம்பி கிணற்றடியில் போட்டு வைத்திருக்கிறீர்கள்! முதலில் நிழலுக்கு எடுங்கள். வீணைக்குக் குடம் குடைகிறது பலாவில்தானே. ஆணி இருந்த இடங்களை விட்டு அறுத்து, இரண்டு மாசம் வீட்டுக்குள் காற்றுப்படும் இடத்தில் நிறுத்திவையுங்கள். அறுத்த வில்லையைச் சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை மாறாமல் நின்றால் கடையலாம்.

அலைநீளம் | ஜனவரி 12, காலை 10.00

வாசிக்கும்போதும் கவனம் வேண்டும். முதல் விரிசலுக்குக் கிளைக்கட்டை மட்டும் காரணமாக இருக்காது. மூச்சின் ஈரம் உள்ளே படிகிறது, வெளிப்பக்கம் காய்ந்திருக்கிறது. உள்ளே உப்பி வெளியே உப்பாவிட்டால் மரம் எங்கேயாவது கிழிந்துதான் ஆகும். நீங்கள் புதுக்குழலை எடுத்ததும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வாசித்தீர்கள்?

பலாத்தோப்பு | ஜனவரி 12, காலை 10.25

இரண்டு மணி நேரம். சில நாள் மூன்று. கீழே வைக்க மனசு வரவில்லை.

அலைநீளம் | ஜனவரி 12, காலை 10.40

முதல் வாரம் பத்து நிமிஷம். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் கூட்டுங்கள். வாசித்து முடித்ததும் துணிச்சுருள் விட்டு உள்ளே துடைத்து, நிழலில் படுக்க வைக்க வேண்டும். உள்ளே எண்ணெய் பூசுங்கள், ஈரம் சட்டென்று ஏறாது.

ஐந்துகட்டை | ஜனவரி 12, பகல் 1.30

எண்ணெய் நிறையப் போட்டால் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும். விரலில் தொட்டு ஒரு பூச்சு நல்லெண்ணெய், ராத்திரி முழுக்க ஊறவிட்டு காலையில் துடைத்துவிடுங்கள். வாய்த்துளை விளிம்பில் எண்ணெய் நிற்கக்கூடாது, காற்று அங்கே வழுக்கும்.

பலாத்தோப்பு | மே 19, காலை 8.10

நாலு மாசம் கழித்து வருகிறேன். எடை மார்ச் கடைசியில்தான் நின்றது. முதல் வில்லை 212 கிராமில் ஆரம்பித்து 204இல் உட்கார்ந்தது.

சகுவாரோ அக்கா சொன்னபடி பிளந்துதான் செய்தேன். இழைப்புளி போட்டு இரண்டு பலகையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற மாதிரி ஆக்கவே மூன்று நாள் ஆயிற்று. விளக்குக்கு எதிரே சேர்த்துப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. முதல் நாள் கோடு கோடாகத் தெரிந்தது. பள்ளத்தை நகக்கண் உளியால் குடைந்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். ஒரு இடத்தில் மரம் கொஞ்சம் கடினமாக, விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடாக இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஒட்டினேன். ஒட்டின பிறகு கடைசல் அண்ணன் பட்டறைக்கே எடுத்துப் போய்ச் சுவரை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். பெரியவர் பக்கத்தில் ஒரு தட்டில் அரிசியோடு உட்கார்ந்திருந்தார். அணைசும் அவரே போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஒரு பலாப்பழம் கொண்டுபோயிருந்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எட்டுத் துளை. சுருதி சேர்க்க ஐந்துகட்டை ஐயா பேருந்து ஏறி ஊருக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு துளையையும் சின்னதாகப் போட்டு, அவர் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க, நான் அரத்தால் இம்மி இம்மியாகப் பெரிதாக்கினேன். மூன்றாவது துளையில் ஒரு இழுப்பு அதிகமாகப் போய்விட்டது. காந்தாரம் ஒரு நூல் ஏறி நிற்கிறது. அதை மெழுகு வைத்துச் சரிக்கட்டலாம் என்றார் ஐயா. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், விரலைக் கொஞ்சம் சரித்தால் சேர்ந்துவிடுகிறது.

நாதம்? அலைநீளம் சாரிடம் தோற்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்ல மூங்கில் குழலுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐயாவாலும் முடியவில்லை. வாய்த்துளை விளிம்பு மட்டும் மூங்கிலைவிடக் கூர்மையாக நிற்கிறது, மெல்லிய ஸ்வரம் சட்டென்று பேசுகிறது. ஆனால் கையில் எடுக்கும்போது அது எனக்கு வேறாகத்தான் இருக்கிறது. அந்த நிலைக்காலில் என் உயரத்தை அப்பத்தா கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தது. அறுக்கும்போது ஒரு கோடு தப்பியது. வெளிப்பக்கம் கடைந்ததில் அது போய்விட்டது, ஆனால் அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும், நாலாவது துளைக்குப் பக்கத்தில்.

இப்போது பழக்காலம். தோப்பில் மிச்சமிருக்கிற பலாவுக்குக் காலையில் குயில் வருகிறது. அது ஸ்வரத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தும். நிறுத்துகிற இடத்திலிருந்து இறங்கி வருவது மாதிரி ஒன்று வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்து போடச் சொன்னார் ஐயா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். இன்றைக்குப் பதினேழு நிமிஷம்தான் கணக்கு.

கடைசல் | மே 19, காலை 11.40

விரிசல் ஏதாவது?

பலாத்தோப்பு | மே 19, பகல் 12.05

இல்லை அண்ணே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். ஆடிக்காற்று முடிந்ததும் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.